கண்ணாடியில் வழிந்த மூச்சு

காலையில் கண் விழித்ததும் ஜன்னலைப் பார்த்தாள். ஏதோ சரியில்லை. கேரவனின் எல்லாக் கண்ணாடிகளிலும் உள்பக்கம் ஈரம் முத்து முத்தாகக் கோத்து, ஒன்றோடொன்று சேர்ந்து கோடு கோடாக வழிந்து, கீழ்ச்சட்டத்தில் தேங்கி, அங்கிருந்து சொட்டிப் படுக்கை விரிப்பின் ஓரத்தையும் நனைத்திருந்தது. ஈரம் புதிதல்ல. வெளியே குளிரும்போது உள்ளே ஓர் உடம்பு விடிய விடிய மூச்சு விட்டால் கண்ணாடி வியர்க்கத்தான் செய்யும். கிளம்பிய நாளிலிருந்து தினமும் எழுந்ததும் ஒரு துணியால் துடைத்துப் பிழிகிறாள். பிழிந்தால் அரை டம்ளர் தண்ணீர் வரும், அவ்வளவுதான். இன்று துடைக்கத் துடைக்கத் தீரவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டி நிரம்பும் அளவுக்குப் பிழிந்து ஊற்றினாள். துணியில் ஒரு வாடை வேறு. நிறையப் பேர் நெருக்கியடித்துப் படுத்து எழுந்துபோன அறையின் வாடை.

மூச்சைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பிரிவு நர்ஸாக இருந்தவள். மற்றவர்கள் வயிற்றையோ காலையோ கிழித்துக்கொண்டிருக்கும்போது, நோயாளியின் தலைமாட்டில் நின்று மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. வீட்டிலும் அதேதான். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருடங்களில் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்து, தூக்கத்திலும் அம்மாவின் மூச்சுக்குக் காது கொடுத்தாள். அதற்கு முன்னால் அக்காவோடு ஒரே கட்டில். பிறகு அக்காவின் பிள்ளைகளோடு ஒரே பாய். கல்யாணம் கூடி வரவில்லை. உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ளத் தனக்கென்று ஓர் அறை வேண்டும் என்ற ஆசை மட்டும் யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் கிடந்தது. அம்மாவும் போய், வேலையும் முடிந்த பிறகு அந்த அறை நான்கு சக்கரங்களோடு வந்தது.

பழைய வண்டி. அத்தான் அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது வண்டியா நகர்கிற கக்கூஸா என்று கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. எங்கே இருந்தாலும் தினம் ஒரு தடவை பேசிவிட வேண்டும் என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

வாடகைக்கு இடம் விடும் முகாம்களில் அவள் தங்குவதில்லை. அங்கே பக்கத்து வண்டிக்காரர்களின் குறட்டை கேட்கும். சாலையோரத்தில் சமமாக ஒரு துண்டு நிலம், ஓடையில் தண்ணீர், கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லாத மலை, இவை போதும். நேற்று மத்தியானம் கணவாய்க்குக் கொஞ்சம் கீழே அப்படி ஓர் இடம் கிடைத்தது. ஒரு காலத்தில் லாரிகள் இளைப்பாற ஒதுக்கிய சரளை மைதானமாக இருக்கவேண்டும். பனி உருகி ஓடும் சத்தம் நாலாபுறமும் கேட்டது. ஈர மண்ணிலிருந்து மஞ்சள் பூக்கள் தலை நீட்டியிருந்தன. கையில்லாத பனியனோடு படியில் உட்கார்ந்து டீ குடிக்கிற அளவுக்கு வெயில். சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து, மேஜைமேல் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திச் சமப்படுத்தினாள்.

சாயங்காலம் பனி தள்ளும் லாரி ஒன்று அந்தப் பக்கமாகப் போனது. சாலையில் உருண்டு கிடந்த கற்களை ஒதுக்க வந்த டிரைவர், வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். நரைத்த மீசை, காது வரை இழுத்துவிட்ட குல்லா.

"இந்த மாசத்துல மட்டும் இந்த மலைய நம்பக் கூடாதும்மா. காலையில வெயில் பல்லக் காட்டும், மத்தியானம் கழுத்தளவு கொட்டும்" என்றார்.

அவள் சாமான்கள் எல்லாம் இருப்பதாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, நாளையோ மறுநாளோ வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். அதோடு அவரை மறந்தும் போனாள்.

இதெல்லாம் நேற்று.

துடைத்து முடித்து டீக்கு அடுப்பைப் பற்றவைத்தபோது, மேஜைமேல் இருந்த ஆரஞ்சுப் பழம் மெல்ல உருண்டு பின்பக்கமாகப் போய்ப் படுக்கைக்கு அடியில் விழுந்தது. ரசமட்டத்தை எடுத்து வைத்தாள். குமிழி முன்னால் ஓடி ஒட்டிக்கொண்டு நின்றது. வண்டியின் பின்பாகம் தாழ்ந்திருந்தது. மண் இளகியிருக்கும், பனி உருகிய ஈரம், வேறென்ன, என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். தனியாகச் சுற்றுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் வந்துவிடும். அடுத்து தண்ணி பிடிக்கணும், கேஸ் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும், எங்கே வெச்சேன் அந்தச் சாவியை என்று நாள் முழுக்கத் தனக்குத்தானே ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள்.

இறங்கிப்போய்ப் பார்த்தாள். பின்சக்கரப் பலகைகள் சரளைக்குள் புதைந்திருக்கவில்லை. அவற்றின் மேல் சக்கரம் சமமாகத்தான் நின்றது. ஸ்பிரிங் பட்டைகள்தான் கீழ்நோக்கி வளைந்திருந்தன, பின்னால் பாரம் ஏற்றிய வண்டியைப் போல. பின்னால் படுக்கையைத் தவிர ஒன்றும் இல்லை.

மத்தியானத்துக்கு முன்பே வானம் கீழே இறங்கி வந்துவிட்டது. முதலில் எதிர்ச் சரிவு மறைந்தது, பிறகு சாலை, பிறகு மைதானத்தின் விளிம்பு. காற்று இல்லாமல், அவசரம் இல்லாமல், இலவம் பஞ்சு பிய்ந்து விழுவதுபோல் பனி விழத் தொடங்கியது. ஓடைச் சத்தம் அடங்கியது. மஞ்சள் பூக்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மூழ்கின. கீழே இறங்கிவிடலாமா என்று யோசித்தபோதே எங்கோ தொலைவில் மலையின் வயிறு உருண்டது போல் ஒரு நீண்ட உறுமல் கேட்டு ஓய்ந்தது. போனில் ஒரு கோடு சிக்னல் வந்தபோது செய்தியும் வந்தது: பனி சரிந்து கீழ்ச் சாலை மூடப்பட்டிருக்கிறது.

சரி, போர்த்திக்கொண்டு புத்தகம் படிக்க வேண்டியதுதான். ஹீட்டரைப் போட்டாள். முன்சீட்டில் கால்களை மடக்கி உட்கார்ந்தாள்.

அப்போது வண்டி ஆடியது.

கேரவனில் வாழ்கிறவர்களுக்கு அந்த ஆட்டம் தெரியும். உள்ளே ஒருவர் ஓரடி எடுத்து வைத்தாலும் வண்டி லேசாகக் குனிந்து நிமிரும். தொட்டிலில் குழந்தை புரண்டால் கயிறு சொல்வதுபோல. இப்போது அவள் அசையவில்லை. பின்னால் வண்டி ஒரு முறை குனிந்தது. நிமிர்ந்தது. சற்றுப் பொறுத்து இன்னொரு தரம், இந்த முறை இடப்பக்கமாக, யாரோ படுக்கையின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவருக்கு இடம் விட்டு நகர்ந்ததுபோல. காற்றாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தாள். வெளியே பனி நூல் பிடித்தாற்போல் நேராக விழுந்துகொண்டிருந்தது.

தலை கனத்தது. பழைய புத்தி உடனே வேலை செய்தது. மூடிய வண்டி, எரியும் ஹீட்டர். விஷ வாயுவாக இருக்கலாம். அதற்கான அலாரத்தை அழுத்திப் பார்த்தாள். அது கீச்சென்று கத்தித் தான் நன்றாக இருப்பதாகச் சொன்னது. ஹீட்டரை அணைத்து, கூரை ஜன்னலைத் திறந்து, மருந்துப் பெட்டியிலிருந்து ஆக்சிஜன் மீட்டரை எடுத்து விரலில் மாட்டினாள். மலை உயரத்துக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் தியேட்டரில் இந்த எண்ணைப் பார்த்திருந்தால் டாக்டரை உலுக்கியிருப்பாள். திறந்த ஜன்னலுக்கு நேராக முகத்தை வைத்து இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். சில்லென்ற காற்று மூக்குவரை வந்தது. நெஞ்சுக்குள் போவதற்குள் பாதி காணாமல் போனது. ஒரே டம்ளர் தண்ணீரை நாலைந்து பேர் உறிஞ்சினால் கடைசி ஆளுக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"மலை நோய்தான். தண்ணி குடி. படுத்துக்கோ" என்று தனக்குச் சொன்னாள்.

சிறிது நேரம் ஒன்றுமில்லை. கூரையில் பனி விழும் மெத்தென்ற சத்தம். பிறகு பின்பக்கத் திரைக்கு அப்பாலிருந்து, ரொம்ப மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தையின் குரலில்:

"த...ண்ணி... குடி."

அவள் கை வாயைப் பொத்தியது.

"ப...டுத்துக்கோ."

எழுந்து திரையை விலக்க வேண்டும். விலக்கினால் படுக்கைதான் இருக்கும், வேறு எதுவும் இருக்காது, பிறகு நிம்மதியாகச் சிரித்துக்கொள்ளலாம். இப்படிப் பல தடவை யோசித்துவிட்டுத்தான் எழுந்தாள். திரையை இழுத்தாள். படுக்கை. கசங்கிய போர்வை. அவள் காலையில் அதை மடித்து வைத்திருந்தாள். மெத்தையில் பள்ளங்கள். உட்கார்ந்து எழுந்த பள்ளங்களாக இருந்தால் மெல்ல மேலே எழும்பி மறைந்திருக்கும். இவை மறையவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமானது.

திரையை மறுபடி மெல்ல மூடினாள், அப்படித்தான் மூடவேண்டும் என்பதுபோல, யாருடைய தூக்கத்தையோ கலைக்காமல். வாயைத் திறக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. ஒரு வார்த்தை கூடாது.

போன் அடித்தது.

அக்கா. எடுக்காவிட்டால் அக்கா போலீஸ், மீட்புப் படை என்று ஊரையே கூட்டிவிடுவாள். கூட்டட்டுமே, என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் அவர்கள் வந்துசேர நாளாகும். அதுவரை அக்காவின் குரலைக் கேட்காமல் இருக்க முடியாது என்ற நினைப்பு அதை அமுக்கியது. போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, குரலை ஒடுக்கி, "அக்கா" என்றாள்.

"ஏண்டி, தொண்டை கட்டிடுச்சா? உன் குரலே கேக்கலையே."

உண்மைதான். அவளுக்கே அது பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்து, கீழ்ச் சாலை மூடியிருக்கிறது, பயமாக இருக்கிறது, யாராவது வரச் சொல்லு என்பதுவரை சொன்னாள். அக்கா எங்கே இருக்கிறாய், பக்கத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டாள். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு சொல்லும் உதட்டை விட்டுப் போவதும் இன்னும் மெலிவதும் அவளுக்குத் தெரிந்தது, நூல்கண்டிலிருந்து யாரோ நூலை இழுப்பதுபோல. அக்கா மூன்றாம் தடவையாக, "கேக்கலடி, சத்தமாப் பேசு" என்றாள். பிறகு, "ஏய், யாரு உன்கூட? பின்னாடி யாரோ பேசுற மாதிரி இருக்கு" என்றாள். சிக்னல் போய்விட்டது.

திரைக்கு அப்பால் ஒரு குரல் சொல்லிப் பார்த்தது.

"அக்கா."

இன்னொரு தடவை. இப்போது திக்கவில்லை.

"அக்கா."

அதற்குப் பிறகு அவள் பேச முயலவே இல்லை. டிரைவர் சீட்டுக்குப் போய்ச் சாவியைத் திருகினாள். இன்ஜின் உடனே பிடித்தது. கியரைப் போட்டு அழுத்தினால் முன்சக்கரங்கள் பனியைப் பின்னால் வாரி இறைத்தன, வண்டி நகரவில்லை. அளவுக்கு மேல் மூட்டை ஏற்றிய லாரி மேட்டில் முக்குவதுபோல் முக்கியது. இன்ஜினை அணைத்தாள். அணைத்ததும் கேட்டது. மூச்சு. ஒன்றல்ல. பெரிய வார்டு ஒன்றில் விளக்கணைத்த பிறகு கேட்குமே, இழுப்பும் விடுப்பும் ஒன்றோடொன்று பின்னி, ஒரு பெரிய மிருகம் படுத்திருப்பதுபோல, அந்தச் சத்தம்.

கதவுப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் நின்றாள். இன்னோர் அடி வைத்துப் பார்த்தாள். குதித்தும் பார்த்தாள்.

வண்டி ஆடவில்லை. அவள் நடந்தால் வண்டி ஆடவே இல்லை.

அன்று இருட்டியதும் விடிந்ததும் அவளுக்குச் சரியாக நினைவில்லை. வெளியே போனாலும் பனியில் விறைத்துச் சாக வேண்டியதுதான் என்று கதவோரத்தில் குறுகி உட்கார்ந்து, கதவின் ரப்பர் இடுக்கில் மூக்கை வைத்து, அங்கே கசிந்த கொஞ்சம் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் பேச்சு வளர்ந்தது. கேஸ் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். எங்கே வெச்சேன் அந்தச் சாவியை. அவள் குரலேதான், இப்போது கனமாகவும் தெளிவாகவும், உடம்பு நன்றாகத் தேறிய ஆளின் குரலாக. ஆக்சிஜன் மீட்டரை மாட்டிப் பார்த்தாள். அதில் எண் வரவில்லை. விரலை மாற்றினாள். வரவில்லை. கோடுகள் மட்டும். விரல் எதுவும் வைக்காதபோது அது அப்படித்தான் காட்டும்.

வெளிச்சம் வந்தபோது லாரிச் சத்தமும் வந்தது.

இரும்புத் தகடு சாலையைச் சுரண்டும் சத்தம், மூடுபனிக்குள் சுழலும் ஆரஞ்சு விளக்கு. அவர் வந்துவிட்டார். சொன்னபடி வந்துவிட்டார். கதவைத் தள்ளினாள். முதல் தடவை அது அசையவில்லை. தோளைக் கொடுத்து, முழு உடம்பையும் கொடுத்து, ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து வெளியே விழுந்தாள். பின்னால் கதவு மூடிக்கொண்டது. தாழ் விழும் சத்தம் கேட்டது.

ஓடினாள். இடுப்பளவுப் பனி. கால் புதையவில்லை. அது அப்போது உறைக்கவில்லை. லாரி மைதானத்துக்குள் திரும்பி, கேரவனுக்கு முன்னால் ஒரு பாதை அளவுக்குப் பனியைத் தள்ளிவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி, குல்லாவைச் சரிசெய்துகொண்டு, கையைத் தேய்த்துக்கொண்டு நடந்து வந்தார். அவள் கத்தினாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. புகைகூட வரவில்லை. அவர் வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக மூச்சுப் புகைந்தது. அவளிடமிருந்து ஒன்றும் இல்லை.

அவர் அவளைக் கடந்துபோய்க் கேரவன் கதவைத் தட்டினார்.

"அம்மா, இருக்கீங்களா? நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேங்க" என்றது உள்ளேயிருந்து அவள் குரல். "நல்லா இருக்கேன்."

"பயந்துட்டேன். ராத்திரி பனி கொட்டித் தள்ளிடுச்சே."

"உள்ள கதகதப்பாத்தான் இருந்துச்சு."

அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள். இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். அவர் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, அப்பா என்ன குளிர் என்று முனகி, ஜாக்கெட்டை இழுத்து மூடினார். அவர் முகத்துக்கு நேரே போய் நின்றாள். நரைத்த மீசையில் பனித்துகள். கண்களில் களைப்பும் நல்லெண்ணமும். அந்தக் கண்கள் அவள் வழியாக மூடுபனியைப் பார்த்தன.

கீழ்ச் சாலையில் ஒரு பக்கம் திறந்துவிட்டார்களாம். தான் முன்னால் தள்ளிக்கொண்டு போவதாகவும், பின்னாலேயே மெதுவாக வரும்படியும் அவர் சொன்னார். குரல் நன்றி சொன்னது. கதவைத் திறக்க முடியாததற்கு மன்னிப்புக் கேட்டது, தலை வாரவில்லையாம். அவர் சிரித்தார்.

லாரி கிளம்பியது. அவள் அதன் படியில் ஏறினாள். லாரி அவளை விட்டுவிட்டுப் போனது. கை எதையும் பிடித்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். லாரி நின்ற இடத்துக்கும் கேரவனுக்கும் நடுவில் அவர் பூட்ஸ் தடம் மட்டும் ஆழமாக.

அவளுடையது இல்லை.

கேரவனின் இன்ஜின் உறுமியது. முன்கண்ணாடி வழியாக டிரைவர் சீட்டில் இருந்த முகத்தைப் பார்த்தாள். அவள் முகம். கன்னத்தில் நல்ல ரத்த ஓட்டம். அது தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கி, பெல்ட்டை மாட்டி, பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பியது. அடுத்த கணம் அவள் காலருகே பனி பறந்தது. முன்பு எவ்வளவு முக்கியும் நகராத வண்டி சுலபமாக நகர்ந்து அவளைக் கடந்தது. திறந்த பக்கக் கண்ணாடி வழியாக அந்தக் குரல், வீட்டுக்குப் போகும் சந்தோஷத்தோடு, கேட்டது.

"கெளம்பிட்டோம்க்கா. ஆமா, எல்லாரும்தான். பாய் மட்டும் எடுத்துப் போட்டு வை."

ஓடினாள். ஓடமுடிந்தது. சேரமுடியவில்லை.

முதல் வளைவுக்கு முன்னால் பின்கண்ணாடி தெரிந்தது. உள்ளே நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு, கூரைவரை, கண்ணாடியில் நெற்றியும் கன்னமும் நசுங்க, பெரியவர்களின் இடுப்புகளுக்கு நடுவே சின்ன முகங்களும். யாரும் அவளைப் பார்க்கவில்லை. வண்டி வளைவில் திரும்பியது. கூட்டமான பஸ்ஸில் நிற்பவர்களைப் போல அவர்கள் எல்லோரும் ஒன்றாக ஒரு பக்கம் சாய்ந்தார்கள். பிறகு, ஒன்றாக, நிமிர்ந்தார்கள்.